கடல் சாமியின் கொம்பு

மழை தவறிய ஆண்டுகளில் தஞ்சை வட்டாரத்துக் கோயில்களில் வருண ஜபம் நடக்கும். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து குருக்கள்மார் மந்திரம் சொல்வார்கள். நாகஸ்வரத்தில் அமிர்தவர்ஷிணி ஒலிக்கும். 2019 கோடையில் இந்து சமய அறநிலையத் துறையே, மழை வேண்டி யாகம் நடத்தும்படி கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. குறுவைக்குத் தண்ணீர் வருமா, சம்பா பிழைக்குமா என்று வானத்தையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்க்கும் ஊர்களில் வருணன் என்றால் மழைதான்.

அதே காவிரி கடலைத் தொடும் இடத்தில், ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், கடலுக்கென்று ஒரு சாமி இருந்தது. அதற்கு முகமில்லை, கையில்லை, வாகனமில்லை. ஒரு பெரிய மீனின் கொம்பை வீட்டில் நட்டார்கள். அந்தக் கொம்பில் சாமி வந்து தங்கியது. கடல் தெய்வங்களின் மந்திரக் கொம்புகளைப் பற்றி உலகமெங்கும் கதைகள் உண்டு. நம் கடைமடையில் இருந்ததோ கையால் தொட்டு, பூச்சூடி, கள் குடித்துக் கும்பிட்ட நிஜக் கொம்பு.

இதற்குச் சாட்சி பட்டினப்பாலை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாலனைப் பாடிய 301 அடிகள். கல்லணையோடு சேர்த்து நாம் பெயர் சொல்லும் அதே கரிகாலன். பாட்டின் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போன படகுகள், அதை விற்று நெல்லோடு திரும்பிவந்து கரையில் கட்டிக் கிடக்கின்றன. வயல்காட்டையும் கடற்கரையையும் ஒரே ஊராகப் பார்க்கிற கண் இந்தப் புலவருக்கு. அந்தக் கண்தான் பரதவர் என்ற மீனவர்களின் சேரிக்குள்ளும் போகிறது.

அன்று முழுநிலவு நாள். யாரும் தொழிலுக்குப் போகவில்லை. ஆண்கள் வெண்கூதாளப் பூவை மாலையாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். கருவுற்ற பெண் சுறாவின் கொம்பு வீட்டில் நட்டிருக்கிறது. அதில் வலிமை மிக்க தெய்வம் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தத் தெய்வத்துக்காகத் தாழம்பூவைச் சூடுகிறார்கள், பனங்கள்ளைக் குடிக்கிறார்கள், தழையாடை உடுத்த பெண்களோடு உண்டு ஆடுகிறார்கள். இந்தக் காட்சி முடிந்ததும் பாட்டு நேராக முகத்துவாரத்துக்குப் போய்விடுகிறது: ஆறு கடலில் கலக்கும் கூடல், பாவம் தீரக் கடலாடி, உப்புப் போக ஆற்றில் குளிக்கும் மக்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பூம்புகாருக்குப் போகிறவர்கள் இன்றும் ஆற்றிலும் கடலிலும் முழுகித்தான் வருகிறார்கள்.

இந்த நூல் நமக்குக் கிடைத்ததிலும் காவிரிக்கரைக்குப் பங்குண்டு. உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த காலத்தில்தான், 1889இல், நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சேற்றினார். ஏட்டில் கிடந்த சுறாக் கொம்பு அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

சுறாவுக்கு ஏது கொம்பு? மீன் மார்க்கெட்டில் பால் சுறா வாங்கிப் புட்டு செய்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். முதுகுத் துடுப்பைத்தான் கொம்பு என்றார்களோ என்று நினைக்கத் தோன்றும். விடை நற்றிணையில் இருக்கிறது. நக்கண்ணையார் பாடிய 19ஆம் பாட்டு ஒரு தாழைமரத்தை அங்கம் அங்கமாக வருணிக்கிறது. சொரசொரத்த அடிமரம் இறாலின் முதுகு போல. முள் நிறைந்த இலை சுறாவின் கொம்பு போல.

தாழை இலை ஒன்றை வெட்டி நீட்டிப் பிடித்துப் பாருங்கள். நீண்டு, தட்டையாக, நுனி நோக்கிக் குறுகி வரும். இரண்டு ஓரங்களிலும் வரிசை தவறாமல் முள். விரலை ஒரு பக்கமாக ஓட்டினால் விட்டுவிடும். எதிர்ப்பக்கம் ஓட்டினால் கிழித்துவிடும். துடுப்பு எதுவும் இப்படி இருக்காது. இரண்டு பக்கமும் பல் வைத்த கொம்போடு கடலில் திரியும் மீன்களில், நம் கரையில் ஆளைவிட நீளமாக வளர்வது ஒன்றுதான். மீனவர்கள் அதை வேளா என்பார்கள். பரதவர் நட்டது வேளாக் கொம்புதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தச் சாமிக்குத் தாழம்பூ சூடியதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடலில் இருக்கும் கொம்பும் கரையில் இருக்கும் இலையும் ஒரே அச்சில் வார்த்தவை என்று நக்கண்ணையார் கண்டது, கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும். (பின்னாளில் பிரம்மனுக்காகப் பொய்ச்சாட்சி சொன்னதாகத் தாழம்பூவின் மேல் பழி வந்தது, சிவபூசையிலிருந்து அது விலக்கப்பட்டது. சோழர் கட்டிய சிவன் கோயில்கள் பலவற்றில் கருவறைக்குப் பின்சுவரில் லிங்கோத்பவர் நின்று அந்தக் கதையை நினைவூட்டுகிறார். கடல் சாமியின் பூவுக்கு நெல் நாட்டின் பெரிய கோயில்களில் இடமில்லாமல் போனது.)

வேளா பார்க்கச் சுறா மாதிரி இருந்தாலும் திருக்கை இனம். செவுள் பிளவுகள் திருக்கைக்கு இருப்பது போல உடம்பின் அடிப்பக்கம் இருக்கும். உலகத்தில் மொத்தமே 5 வகை. பெரிய வகைகள் 20 அடியைத் தாண்டி வளரும். முகத்துக்கு முன்னால் நீளும் அந்தத் தட்டையான கொம்பில், பெருவேளா என்று சொல்லத்தக்க வகைக்குப் பக்கத்துக்கு 14 முதல் 24 பற்கள் வரை இருக்கும். அவை வாய்ப்பற்கள் அல்ல. மீனின் செதிளே தடித்துப் பல்லானது. அடியோடு பிடுங்கிப் போனால் மறுபடி முளைக்காது.

இந்தக் கொம்புக்குள் நடப்பதைப் படித்தபோது, பரதவர் அதில் ஏதோ ஒரு சக்தி இருப்பதாக உணர்ந்ததில் வியப்பே இல்லை என்று தோன்றியது. கொம்பின் தோல் முழுக்க ஆயிரக்கணக்கான நுண்துளைகள். ஒவ்வொன்றும் மற்ற உயிர்களின் உடம்பிலிருந்து கசியும் மின்துடிப்பை உணரக்கூடியது. முகத்துவாரத்துத் தண்ணீர் கலங்கல். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தச் சேற்றுநீரில் பக்கத்தில் ஒரு மடவை துடித்தால் வேளாவின் கொம்புக்குத் தெரிந்துவிடும். உடனே பக்கவாட்டில் வீசும். அடிபட்ட மீன் அப்படியே கிடக்கும். தேடுவதும் அடிப்பதும் ஒரே உறுப்பு.

புலவர் சும்மா ஒரு சுறா என்று சொல்லவில்லை, கருவுற்ற சுறா என்கிறார். இதைப் பலரும் வளமையின் குறி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். தவறில்லை, ஆனால் போதாது. வேளா முட்டையிடாது, குட்டி போடும். கரையோரக் கடலில் திரியும் பெண் வேளா, குட்டி போடும் பருவத்தில் ஆற்றுவாய்ப் பக்கம் வரும். பெருவேளாவின் குட்டிகள் முதல் சில வருடங்கள் ஆற்று நீரிலேயே வளரும். உப்புத் தண்ணீருக்குப் போவது பிறகுதான். ஆகவே பூம்பட்டினத்துப் பரதவர் கையில் பெரிய வேளா அகப்பட்டிருந்தால், அது சூலோடு காவிரியின் வாய்க்கு வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவர்கள் நட்டது அந்தத் தாயின் கொம்பு.

வயிற்றைக் கீறியபோது அவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். குட்டிகளுக்குப் பிறக்கும் முன்பே கொம்பு உண்டு, பல்லும் உண்டு. ஆனால் அந்தக் கொம்பு வளையும். அதன்மேல் வழவழப்பான தடித்த உறை ஒன்று போர்த்தியிருக்கும். தாயின் உடம்பைக் கிழித்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறந்த சில நாளில் உறை கழன்றுவிடும். உறையிட்ட வாளோடு வயிற்றுக்குள் படுத்திருக்கும் குட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்த மனிதன், அந்தத் தாயின் கொம்பைக் குப்பையில் எறிய மாட்டான்.

பட்டினப்பாலை இந்தத் தெய்வத்துக்குப் பெயர் சொல்லவில்லை. நெய்தல் நிலத்துக்கு வருணன் என்று வகுத்தது தொல்காப்பியம். இரண்டையும் முடிச்சுப் போட்டவர் 14ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவர் தரும் விவரம் எனக்குப் பாட்டைவிட முக்கியமாகப் படுகிறது. நுளையர் என்ற மீனவர்களுக்கு வலையில் மீன் படாமல் போனால், அவர்கள் வீட்டுப் பெண்கள் சுற்றத்தாரோடு கூடிச் சுறாக் கொம்பை நட்டு, வேண்டுதல் செலுத்துவார்களாம். அப்போது வருணன் வெளிப்படுவானாம். பாட்டில் நிலா நாளின் கொண்டாட்டமாக இருந்தது, உரையில் மீன்பாடு இல்லாத நாளின் மன்றாட்டாக மாறியிருக்கிறது. கொம்பை நடுவதும் பெண்கள் கைக்கு வந்திருக்கிறது. இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. இருந்தும் கொம்பு போகவில்லை.

அதே இடைவெளியில் வேறொரு வருணனும் தஞ்சைக்கு வந்து சேர்ந்திருந்தான். 1010இல் ராஜராஜன் முடித்த பெரிய கோயிலின் சுற்றில் எட்டுத் திசைக் காவலர்களுக்கும் இடம் வைத்தார்கள். வருணனுக்குரிய திசை மேற்கு. மகர மீன் வாகனம். தஞ்சையில் நின்று பார்த்தால் கடல் இருப்பது கிழக்கே. சாத்திரத்தின் வருணனுக்கு நம் ஊர்க் கடல் எந்தப் பக்கம் என்பது பொருட்டில்லை. பரதவரின் சாமியோ அவர்கள் வலை போட்ட அதே தண்ணீரிலிருந்து வந்தது.

மற்ற நாட்டாரும் இந்த மீனிடம் இதே மரியாதையோடு நின்றிருக்கிறார்கள். மெக்சிகோ நகரத்தின் நடுவில், அஸ்டெக்குகளின் பெருங்கோயிலைத் தோண்டியபோது காணிக்கைக் குழிகளில் வேளாக் கொம்புகள் கிடைத்தன. கடலிலிருந்து வெகுதூரம் மலைமேட்டுக்கு அவற்றைத் தூக்கி வந்திருக்கிறார்கள். தைவானிலும் சிங்கப்பூரிலும் சீனக் கோயில்களில் அருள்வந்து ஆடும் சாமியாடிகள் கையில் எடுக்கும் ஆயுதங்களில் வேளாக் கொம்பும் ஒன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் 8 நாடுகளுக்குப் பொதுவான மத்திய வங்கியின் சின்னமே வேளா. அந்த நாடுகளின் காசிலும் நோட்டிலும் அது நீந்துகிறது. அங்கே அக்கான் மக்கள் தங்கம் நிறுக்க வைத்திருந்த எடைக்கல்லின் வடிவம் அது. பூம்பட்டினத்துக்கு வந்த யவனர்களின் உலகத்திலும் நீர்த் தெய்வங்களுக்குக் கொம்பு உண்டு. ரோமானியர் தரைச் சித்திரங்களில் சமுத்திர தேவனின் தலையில் நண்டுக் கொடுக்குகள் கொம்பாக முளைத்திருக்கும்.

இதில் நம் ஊரோடு ஒட்டிய கதை ஒன்று உண்டு. பூம்புகாருக்குத் தெற்கே, அதே கரையில் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை அது டென்மார்க் அரசர்களின் ஊர். அந்த அரசர்களின் முடிசூட்டு நாற்காலி ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பால் ஆனது என்று பேர். உண்மையில் அது வடதுருவக் கடலின் நார்வால் திமிங்கிலத்தின் தந்தம். ஐரோப்பாவில் அந்தத் தந்தத்துக்கு விஷத்தை முறிக்கும் மந்திர சக்தி இருப்பதாக நம்பிப் பெருவிலை கொடுத்தார்கள். அது குதிரையினுடையது அல்ல, கடல் விலங்கினுடையது என்று டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம் 1638இலேயே எடுத்துக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு, 1660களில்தான் அந்த நாற்காலியைச் செய்யத் தொடங்கினார்கள். கொம்பு யாருடையது என்ற உண்மையை அரசர்கள் ஒதுக்கி வைத்தார்கள். பரதவர் வழிபாட்டில் அந்த மறைப்பு இல்லை. எந்த மீன், ஆணா பெண்ணா, சூலா வெறுவயிறா என்பதெல்லாம் தெரிந்துதான் கும்பிட்டார்கள். தெரிந்ததால் பக்தி குறையவில்லை.

இனி, மீன் எங்கே போயிற்று என்பதற்கு வருவோம்.

வேளாவுக்குக் கொம்புதான் பலம், அதுவே எமன். வலையில் மற்ற மீன் முட்டித் திரும்பவும் கூடும். வேளாவின் பற்கள் கண்ணியில் மாட்டினால் உதற உதற இறுகும். பருத்தி, சணல் நூல் வலைகளையாவது சில நேரம் அறுத்துக்கொண்டு போயிருக்கும். 1950களிலிருந்து விசைப்படகும் இழுவலையும் வந்தன; பின்னாலேயே நைலான் வலை வந்தது. அறுக்க முடியாத நூலில் சிக்கிய வேளாவைப் பிரித்து விடுவது ஆளுக்கும் ஆபத்து, வலைக்கும் சேதம். கொம்பை வெட்டிவிட்டு வலையைக் காப்பாற்றுவதே சுலபம். கொம்பில்லாமல் கடலுக்குள் விட்ட வேளாவால் இரை தேட முடியாது. மெதுவாக வளர்ந்து, குறைவாகக் குட்டி போடும் இனம் இந்த இழப்பைத் தாங்கவில்லை. 2001இல் இந்தியா வேளா இனங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. 2013 முதல் 5 வகைகளுக்கும் உலக வணிகத்தில் முழுத் தடை. இன்று நம் கரையில் எங்காவது ஒரு வேளா வலையில் ஏறினால் அது செய்தி.

வலை மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. வேளாவுக்கு நன்னீர் இறங்கும் ஆற்றுவாய் வேண்டும். பட்டினப்பாலையின் காவிரி கப்பல் புகும் ஆறு. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றே வெளிப்பட்டது. இன்று மேட்டூர் (1934), அதற்கு மேலே கர்நாடகத்து அணைகள், கீழே கல்லணை, பிறகு ஆயிரமாயிரம் மதகுகள் எல்லாம் கடந்து, மேலையூர் கடைமடைக் கதவணைக்குத் தண்ணீர் வந்தாலே பூத்தூவி வரவேற்கிறோம். வெள்ள காலத்து உபரி பெரும்பாலும் கொள்ளிடம் வழியே போய்விடுகிறது. பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் குரல் கொடுத்துக் கூப்பிடலாம்.

அதையும் மீறி ஆறு கடலுக்குப் போகும் நாட்களில், "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்பதுதான் நமக்குப் பழகிய தலைப்புச் செய்தி. தாளடி கருகும்போது கடைமடை விவசாயிக்கு அந்த வார்த்தை வயிற்றிலிருந்து வருகிறது. அவர் கோபம் நியாயமானது. ஆனால் உருத்திரங்கண்ணனார் அந்தக் கலப்பை, தாயை அணைக்கும் பிள்ளையாகப் பார்த்தார். கடலில் போய்ச் சேர்ந்த அந்த நீரைக் குடித்துத்தான் வேளாக் குட்டிகள் வளர்ந்தன, மடவையும் இறாலும் பெருகின, பரதவர் வீட்டில் ஒரு சாமி இருந்தது. முறைப்பாசனக் கணக்கில் குறுவைக்கு இவ்வளவு, சம்பாவுக்கு இவ்வளவு என்று எழுதுகிறோம். காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியது, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 டி.எம்.சி. என்று ஒரு வரி எழுதியது. அந்த வரியின் பெயரிலேயே, கடல் ஒரு செலவினமாகத்தான் இருக்கிறது. முகத்துவாரத்தை நம்பிப் பிழைப்பவர்களும் காவிரிப் பாசனக்காரர்கள்தான் என்று யாராவது அந்த மேசையில் பேச வேண்டும்.

நிலா நாள் ஓய்வையும் இதோடு சேர்த்து யோசிக்கிறேன். வெளிச்சமான இரவில் மீன் வலையைக் கண்டுகொண்டு விலகும் என்பது தொழில் தெரிந்தவர்கள் சொல்வது. அன்றைக்குப் போகாமலிருப்பதில் நஷ்டம் குறைவு. இருந்தாலும் அது வெறும் கணக்காக இருக்கவில்லை, சாமிக்கு உரிய நாளாக இருந்தது. இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு அரசு தடை போடுகிறது. நல்ல சட்டம். ஆனால் அந்த 61 நாளை யாரும் தங்கள் நாளாகச் சொல்லிக் கேட்டதில்லை. நிவாரணத் தொகை எப்போது வரும் என்ற பேச்சே அந்த நாட்களின் பேச்சு.

கடலோர ஊர்களில் தாத்தா காலத்து வேளாக் கொம்பு பரணிலோ சாமி அறையிலோ இருக்கும் வீடுகள் எங்கேனும் இருக்கலாம். வெளிநாடுகளில் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பழைய காய்ந்த கொம்புகளைத் தேடிப் போய்ப் பல் எண்ணுகிறார்கள், துளி குருத்தெலும்புத் தூள் எடுத்து மரபணு படிக்கிறார்கள். எந்த வகை, எந்தக் கடல், ஒரு காலத்தில் எத்தனை வேறுபாடுகளோடு வாழ்ந்தது என்பதைக் கொம்பே சொல்லிவிடுகிறது. காவிரி வாயில் வாழ்ந்த வேளா எது என்பதற்கும் எனக்குத் தெரிந்து வேறு சாட்சி கிடையாது. சிக்கல் என்னவென்றால், முதல் அட்டவணை விலங்கின் உறுப்பை வீட்டில் வைத்திருப்பதே வழக்குக்கு இடம் கொடுக்கும். பயந்துபோய் அடுப்பில் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. பழைய கொம்பை வைத்திருப்பவர்கள் தயக்கமில்லாமல் வந்து காட்டவும், விரும்பினால் ஒப்படைக்கவும் வனத்துறை ஒரு முறை வழி திறந்துவிட வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் மூலமாகச் செய்தால் மக்கள் நம்பி வருவார்கள்.

பூம்புகாரில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. கண்ணகி கதை சுவர் முழுக்க இருக்கிறது. அங்கே ஓர் அறையில் ஒரு வேளாக் கொம்பும், பக்கத்தில் இரண்டு மடல் தாழையும், அந்த மீனின் பெயரும், அது சூலோடு ஏறிவந்த ஆற்றின் பெயரும் எழுதி வைக்கப்பட வேண்டும். சித்ரா பௌர்ணமி விழாவுக்கு வரும் பிள்ளைகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பற்களை எண்ணிப் பார்க்கட்டும்.